படத்தின் முதுகில் எழுதும் மென்பொருள்: குடும்பப் புகைப்பட ஆல்பத்தைக் கணினியில் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அத்தையின் இரும்புப் பெட்டியில் இருந்த ஒரு கருப்பு வெள்ளைப் படத்தின் பின்புறத்தில், ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரைக்குக் கீழே, ஊதா மையில் "விரோதகிருது ஆவணி, கும்பகோணம்" என்று எழுதியிருந்தது. தமிழ் வருடங்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை சுழன்று வருபவை என்பதால் அந்த விரோதகிருது கணக்குப்படி 1911ஆகவும் இருக்கலாம், 1971ஆகவும் இருக்கலாம். படத்தில் நிற்கும் மாமா இன்றும் நம்மோடு இருப்பதால், அது 1971 ஆகஸ்ட் நடுவுக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடைப்பட்ட ஒரு நாள் என்று முடிவு செய்வதில் சிரமம் இருக்கவில்லை. மூன்றே சொற்கள் எழுதிவைத்த யாரோ ஒருவருடைய புண்ணியத்தால், ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் படம் அநாதையாகவில்லை. காகிதப் படத்துக்கு ஒரு முதுகு உண்டு. கைபேசியில் எடுத்த படத்துக்கும் ஸ்கேன் செய்த படத்துக்கும் முதுகு எங்கே இருக்கிறது என்பதுதான், குடும்ப ஆல்பத்துக்கு மென்பொருள் தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அவற்றுக்கும் முதுகு உண்டு. ஜேபெக் வகைக் கோப்புக்குள் படத்தோடு சேர்த்து எழுத்து விவரங்களையும் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது; இதை மெட்டாடேட்டா என்கிறார்கள். கேமரா தானாகக் குறிக்கும் தேதியும் நேரமும் எக்சிஃப் என்ற பகுதியில் பதிவாகின்றன. நாம் எழுதும் விளக்கம், ஆட்பெயர், குறிச்சொல் ஆகியவற்றுக்கு ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்ற பகுதிகள் இருக்கின்றன. சில மென்பொருள்கள் நாம் எழுதுவதை இந்த இடத்தில், அதாவது படத்தின் முதுகிலேயே, எழுதுகின்றன. வேறு சில, தமக்கென்று வைத்திருக்கும் தனி நோட்டுப் புத்தகத்தில், அதாவது தரவுத்தளத்தில், எழுதிவைத்துக்கொண்டு படத்தைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. மென்பொருளைத் திறந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினி மாறும் நாளில்தான் வேறுபாடு தெரியும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிகாசா. 2004இல் கூகுள் வாங்கிய அந்த மென்பொருளைப் பல வீடுகள் பத்தாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தின. 2016 மார்ச்சில் அதன் ஆதரவு நிறுத்தப்பட்டது. ஜேபெக் படங்களுக்கு அதில் எழுதிய விளக்கங்கள் படத்துக்குள்ளேயே பதிவானதால் அவை இன்றும் வேறு மென்பொருள்களில் தெரிகின்றன. ஆனால் முகங்களுக்குச் சூட்டிய பெயர்கள், தனியாகக் கேட்டுக்கொண்டால் ஒழிய, கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறு கோப்பில்தான் இருந்தன. படங்களை மட்டும் தெரிந்தெடுத்து நகலெடுத்தவர்கள் அந்தப் பெயர்களை இழந்தார்கள்.

முதற்படி: எந்த வேலைக்காகத் தேடுகிறோம்

"ஆல்பம் செய்ய வேண்டும்" என்று சொல்லும்போது மூன்று வேறு வேலைகள் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. சிதறிக் கிடக்கும் படங்களைச் சேர்த்து, தேதியிட்டு, பெயரிட்டுப் பாதுகாப்பது ஒரு வேலை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறவினர்கள் பார்க்கும்படி பகிர்வது இன்னொரு வேலை. பக்கம் பக்கமாக அமைத்து, வாசகம் சேர்த்து, புரட்டிப் பார்க்கவோ அச்சிடவோ ஏற்ற வகையில் ஒரு புத்தகமாக ஆக்குவது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒரே மென்பொருள் செம்மையாகச் செய்துவிடும் என்று நம்பி, ஒன்று மாற்றி ஒன்றாக நிறுவிப் பார்த்து, கடைசியில் அலுத்துப்போய்ப் பெட்டியை மூடிவைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வேலைக்குத்தான் மென்பொருளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் வீட்டில் ஏற்கெனவே இருப்பது பெரும்பாலும் போதும்.

அடுத்து, அச்சுப் படங்கள் ஏறக்குறைய எத்தனை, கைபேசிகளில் இருப்பவை எத்தனை, உட்கார்ந்து வேலை செய்யப்போவது யார், அவரிடம் இருப்பது விண்டோஸ் கணினியா, மேக்கா, கைபேசி மட்டுமா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு "கைபேசி மட்டும்" என்பதே விடையானால், அவர் படங்களைச் சேர்த்துத் தரலாம், யார் எவர் என்று சொல்லலாம். தொகுக்கும் வேலையைக் கணினி வைத்திருக்கும் இன்னொருவர் எடுத்துக்கொள்வதே நல்லது. கைபேசித் திரையில் எண்ணூறு படங்களுக்கு விளக்கம் எழுதி முடித்தவர் எவரையும் நான் அறியேன்.

இரண்டாம் படி: இருபது படங்களை வைத்துச் சோதித்தல்

எந்த மென்பொருளையும் அதன் விளம்பரப் பக்கத்தைப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இருபது படங்களை ஒரு தனிக் கோப்புறையில் நகலெடுத்துக்கொண்டு, அவற்றை மட்டும் கொடுத்துச் சோதியுங்கள். அந்த இருபதில் ஸ்கேன் செய்த கருப்பு வெள்ளைப் படம் ஒன்று, ஐபோன் படம் ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்தது ஒன்று, ஒரு சிறு வீடியோ, நாற்பது பேர் வரிசையாக நிற்கும் கல்யாண குரூப் படம் ஒன்று ஆகியவை இருக்கட்டும்.

முதலில் தமிழைச் சோதிக்க வேண்டும். விளக்கம் எழுதும் இடத்தில் "கௌரி நோன்பு, கொலுப் படிகள், பெரியம்மா வீடு" என்று தட்டெழுதிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் காலும் தத்தம் இடத்தில் அமர்ந்தால் நல்லது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின்மேல் தனியாகத் தொங்கினாலோ, அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தை அமைக்கத் தெரியாது என்று பொருள். அத்தோடு அதை விட்டுவிடலாம். பிறகு தேடல் பெட்டியில் "கௌரி" என்று தேடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஔகாரக் குறிக்குப் பதிலாக "கெ" என்ற எழுத்தையும் "ள" என்ற எழுத்தையும் அடுத்தடுத்து அடித்து "கெளரி" என்று எழுதுபவர்கள் நம்மிடையே ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. பல கைகள் விளக்கம் எழுதும் குடும்பத்தில், பாதிப் படங்கள் தேடலில் அகப்படாமல் போவதற்கு இந்த ஒரு குறியே போதும்.

பழைய எழுத்துரு முறைகளில் எழுதிவைத்த குறிப்புகள் இருந்தால் அவற்றை முதலில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் எங்கள் குடும்பப் படங்களுக்கான விளக்கங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதி அனுப்பியிருந்தார். அந்த எழுத்துரு இல்லாத என் கணினியில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத்தான் திறந்தது. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டி எடுத்தபோது பத்து நிமிடத்தில் சரியானது. அந்தக் குப்பையை அப்படியே படங்களின் விளக்கமாக ஒட்டியிருந்தால், பின்னால் யாருக்கும் அது என்னவென்றே தெரிந்திருக்காது.

அடுத்தது தேதிச் சோதனை. கருப்பு வெள்ளைப் படத்துக்கு 1956 என்றோ 1962 என்றோ தேதி கொடுத்துப் பாருங்கள். பல கணினி முறைகள் பின்பற்றும் யூனிக்ஸ் நேரக் கணக்கு 1970 ஜனவரி 1இல் தொடங்குவதால், அதற்கு முந்தைய தேதிகளைக் கையாளும்போது சில மென்பொருள்கள் தடுமாறுகின்றன. தாத்தாவின் படத்தை 1970க்குள் தள்ளிவிடும் மென்பொருள் தாத்தா பாட்டி படங்களுக்கு உதவாது.

மூன்றாவதாக, முதுகுச் சோதனை. விளக்கமும் தேதியும் எழுதி முடித்த இருபது படங்களையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அந்த மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில் திறந்து, எழுதியவை கூடவே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்த மென்பொருள் நாளைக்கே மூடப்பட்டாலும் நமக்கு நட்டமில்லை. வராவிட்டால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எழுதுவதற்கு வேண்டாம்.

மூன்றாம் படி: கையில் இருக்கும் தெரிவுகள்

கூகுள் ஃபோட்டோஸ் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஏற்கெனவே இருப்பது; முகங்களை அடையாளம் கண்டு தொகுப்பதிலும், பகிர்வதிலும் அதைப்போல எளிதானது குறைவு. 2021 ஜூன் 1 வரை, தரம் சற்றுக் குறைத்து ஏற்றும் படங்களுக்கு அளவில்லா இலவச இடம் தந்த அந்தச் சேவையில், இப்போது ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்து 15 ஜிபி இடம்தான் இலவசம். ஒரு படம் 4 எம்பி என்று வைத்துக்கொண்டால், அஞ்சலுக்கு எதுவும் போகாத நிலையிலேயே, ஏறக்குறைய மூவாயிரத்து எழுநூற்றைம்பது படங்களுக்கு மேல் கொள்ளாது. இடம் சேமிக்கும் அமைப்பைத் தேர்ந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் அந்த அளவுக்குச் சுருக்கப்படும். வீட்டுப் படங்களுக்கு அது பெரிய இழப்பில்லை. பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது: அங்கே நாம் எழுதும் விளக்கமும் திருத்தும் தேதியும் படத்துக்குள் பதியப்படுவதில்லை. டேக்அவுட் என்ற கூகுளின் தரவிறக்க வசதி வழியாக எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கும்போது ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஜேசான் வகையைச் சேர்ந்த ஒரு தனிக் கோப்பாக அவை வரும். அவற்றைப் படத்தோடு மறுபடி சேர்ப்பது கணினி தெரிந்தவருக்கே தலைவலி. ஆகவே பகிர்வதற்கு இது நல்லது. விளக்கம் எழுதும் இடமாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் முடிவு.

ஐபோனும் மேக்கும் மட்டுமே புழங்கும் வீடாக இருந்தால் ஆப்பிள் ஃபோட்டோஸ் போதும். ஐகிளவுடில் 5 ஜிபி இடம் இலவசம். 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், தொடங்குபவரையும் சேர்த்து ஆறு பேர் ஒரே தொகுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். மேக்கில் ஏற்றுமதி செய்யும்போது தலைப்பையும் விளக்கத்தையும் சேர்த்துத் தரும்படி கேட்கும் தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் படம் மட்டும் வரும். 2017 முதல் ஐபோன்கள் ஹெச்இஐசி என்ற வடிவில் படங்களைச் சேமிப்பதால் சித்தப்பாவின் பழைய விண்டோஸ் கணினியில் அவை திறக்காமல் போகலாம். கேமரா அமைப்புகளில் ஃபார்மட்ஸ் என்ற பகுதிக்குச் சென்று 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தால் இனி எடுப்பவை ஜேபெக்காகவே இருக்கும்.

கணினியில் உட்கார்ந்து வேலை செய்ய ஒருவர் இருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது டிஜிகேம். கேடிஇ குழுமத்தைச் சேர்ந்த இந்தக் கட்டற்ற மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. முகம் கண்டறியும் வேலை நம் கணினியிலேயே நடப்பதால் வீட்டுப் பெண்களின், குழந்தைகளின் படங்கள் எங்கேயும் போவதில்லை. அதற்கும் தனித் தரவுத்தளம் உண்டு என்றாலும், எழுதுவதைப் படத்துக்குள்ளும் பதிக்கும்படி சொல்லிவிடலாம். முதல் முறை திறக்கும்போது பட்டியல்களும் பொத்தான்களும் திரையை அடைத்துக்கொண்டு மிரட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நமக்குத் தேவைப்படுவது அவற்றில் ஐந்தாறுதான்.

அவ்வளவும் வேண்டாம், பார்க்கவும் மொத்தமாகப் பெயர் மாற்றவும் விளக்கம் எழுதவும் இலகுவான ஒன்று போதும் என்பவர்கள், சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்என்வியூ எம்பியை எடுத்துக்கொள்ளலாம். 1996 முதல் இருக்கும் இர்ஃபான்வியூ, ஸ்கேனரிலிருந்து வரிசையாகப் படங்களை எடுத்துத் தானாக எண்ணிட்டுச் சேமிப்பதற்கு இன்றும் மிக வசதியானது. கூகுள் ஃபோட்டோஸ் செய்வதை வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்துச் செய்யும் இம்மிச் போன்ற மென்பொருள்களை ஓட்டுவது, அதைப் பராமரிக்கும் பிள்ளை அதே வீட்டில் இருக்கும் வரை மட்டுமே பயன் தரும்.

நான்காம் படி: படங்களைச் சேர்த்தல்

மென்பொருளில் எதையும் ஏற்றும் முன் எல்லாப் படங்களும் ஒரே தாய்க் கோப்புறைக்குள் வர வேண்டும். உட்கோப்புறைகளுக்கு ஆண்டும் மாதமும் முன்னால் வருமாறு "1971-09 கும்பகோணம்", "1984-06 அத்தை கல்யாணம்" என்று பெயரிட்டால் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். மாதத்தை 6 என்று எழுதாமல் 06 என்று எழுதுவது இதற்காகத்தான். ஆண்டு தெரியாதவற்றை "1960கள்" என்ற கோப்புறையில் போட்டுவைக்கலாம். கோப்புப் பெயர் சுருக்கமாக இருக்கட்டும். கதை முழுவதையும் அங்கேயே எழுத வேண்டாம். அதற்குத்தான் முதுகு இருக்கிறது.

நான்குக்கு ஆறு அங்குல அச்சுப் படத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும். அதை ஏ4 அளவுக்குப் பெரிதாக்கி அச்சிட்டாலும் தெளிவு கெடாது. பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200 வைத்துக்கொள்ளுங்கள். பின்புறத்தில் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, முன்பக்கத்தின் எண்ணோடு "பின்" என்று சேர்த்துச் சேமியுங்கள். ஊதா மையில் எழுதிய அந்தக் கையெழுத்தும் குடும்பச் சொத்துதான். 1970களின் கலர் படங்கள் செந்நிறமாக மாறியிருப்பதற்கு அவற்றில் இருந்த நீலப் பச்சைச் சாயம் மற்றவற்றைவிட விரைவாக மங்கியதே காரணம். ஸ்கேன் செய்த பிறகு நிறச் சமன் திருத்தத்தால் பெருமளவு மீட்கலாம், ஆனால் திருத்தாத மூலத்தைத் தனியே வைத்திருங்கள். பசை ஒட்டிய பக்கங்களையுடைய பழைய ஆல்பங்களிலிருந்து படத்தை நகத்தால் நெம்பாதீர்கள். பல்லிடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையே மெல்ல இழுத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். கண்ணாடிச் சட்டத்தில் ஈரத்தால் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே முயல வேண்டாம். கண்ணாடியோடு வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்வதுதான் வழி. ஸ்கேனர் இல்லாதவர்கள் கூகுளின் ஃபோட்டோஸ்கேன் செயலியைப் பயன்படுத்தலாம். ஒரே படத்தைச் சில கோணங்களில் எடுத்துச் சேர்த்து மினுமினுப்பை நீக்கித் தருகிறது.

உறவினர்களிடம் இருக்கும் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லக் கூடாது. அது படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த தேதி உள்ளிட்ட எக்சிஃப் விவரங்களையும் துடைத்துவிடுகிறது. கோப்புப் பெயரில் மிஞ்சும் தேதி, வாட்ஸ்அப்பில் கைமாறிய தேதிதான். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சீமந்தப் படம் நேற்று எடுத்ததுபோல் போய் உட்காரும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும். இதை எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: ஒரு படத்துக்கு முதுகெழுதுதல்

டிஜிகேமை நிறுவியதும் அது இரண்டு இடங்களைக் கேட்கும்: படங்கள் இருக்கும் தாய்க் கோப்புறை ஒன்று, தரவுத்தளத்துக்கான இடம் மற்றொன்று. உள்ளே சென்றதும் அமைப்புகளில் மெட்டாடேட்டா என்ற பகுதியைத் திறந்து, விளக்கம், தேதி, குறிச்சொல், முகப்பெயர் ஆகியவற்றைக் கோப்பிலேயே எழுதும்படி தேர்ந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். மொத்த வழிகாட்டியிலும் தவறவிடக் கூடாத இடம் இதுதான்.

இப்போது அந்தக் கும்பகோணப் படத்தையே எடுத்துக்கொள்வோம். படத்தைச் சொடுக்கி, வலப்பக்கப் பட்டையில் கேப்ஷன்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் விளக்கம் எழுதும் பெட்டியும் அதற்குக் கீழே தேதியும் தெரியும். தேதியில் ஸ்கேன் செய்த நாள் இருக்கும். அதை மாற்ற வேண்டும். மென்பொருளுக்கு "ஆவணி" புரியாது, "ஏறக்குறைய" என்பதும் புரியாது. முழுத் தேதி ஒன்றையே அது கேட்கும். எனவே வீட்டுக்கு ஒரு வழக்கத்தை வகுத்துக்கொள்ளுங்கள்: மாதம் மட்டும் தெரிந்தால் அந்த மாதத்தின் முதல் நாள், ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜனவரி 1, கணிப்புத் தேதி என்பதை விளக்கத்தில் ஒரு சொல்லால் குறித்துவிட வேண்டும். இந்தப் படத்துக்கு, ஆவணிக்குள் வரும் 1971 செப்டம்பர் 1 என்று கொடுத்து, விளக்கத்தில் "விரோதகிருது ஆவணி என்று படத்தின் பின்புறத்தில் உள்ளது, நாள் கணிப்பு" என்று எழுதினேன். கல்யாணப் படங்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். பழைய பத்திரிகை ஒன்று அகப்பட்டால் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாமே அதில் இருக்கும். அந்தப் பத்திரிகையையும் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் வையுங்கள்.

ஆட்பெயர் எழுதும்போது நாம் எல்லோரும் செய்யும் தவறு உறவுமுறையை எழுதிவிடுவது. எனக்கு அத்தையாக இருப்பவர் என் மகளுக்குப் பாட்டி, என் அம்மாவுக்கு நாத்தனார். "அத்தை" என்று மட்டும் எழுதிவைத்தால் அடுத்த தலைமுறைக்கு அது யாரையும் குறிக்காது. முழுப் பெயரை முன்னெழுத்தோடு எழுதுங்கள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தால் ஒரே பெயரில் இரண்டு பேர் வருவார்கள் என்பதால் பிறந்த ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உறவைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், குடும்பத்தின் மூத்த தம்பதியரை நடுவில் வைத்து "இவர்களின் மூன்றாம் மகள்" என்பதுபோல் எழுதினால் எழுதுபவர் மாறினாலும் பொருள் மாறாது. பெயர்கள் முன்வரிசை இடமிருந்து வலமாக, பிறகு பின்வரிசை என்று வரட்டும். கடைசியாக, இந்த விவரத்தைச் சொன்னவர் யார் என்பதையும் எந்த ஆண்டில் சொன்னார் என்பதையும் ஒரு சொல்லில் குறித்துவையுங்கள்.

விளக்கம் எவ்வளவு நீளலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய ஐபிடிசி வடிவத்தில் விளக்கத்துக்கு 2000 பைட்தான் இடம். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் செலவாகும், "கொ" என்ற ஒரே எழுத்துக்கு ஆறு. ஆக, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதக்கூடிய இடத்தில் நமக்கு ஒரு பத்திதான் கொள்ளும். எக்ஸ்எம்பி பகுதிக்கு அந்த எல்லை இல்லை என்றாலும், ஐந்தாறு வரிக்குள் நிறுத்திக்கொண்டால் எங்கு திறந்தாலும் வெட்டுப்படாது.

முகம் கண்டறியும் வசதி ஆயிரக்கணக்கான கைபேசிப் படங்களுக்கு மிகவும் உதவும். பழைய படங்களுக்கு அதை நம்ப வேண்டாம். என் அம்மாவையும் சித்தியையும் ஒரே ஆள் என்றே அது கடைசிவரை சாதித்தது. யாரென்று தெரியாத ஒருவரை அது சின்னத் தாத்தா என்று ஊகித்தபோது நான் திருத்தப்போனேன்; அருகில் இருந்த அத்தை, "சரியாத்தான் சொல்லுது தம்பி. திருப்பதி போய் மொட்டை போட்டுட்டு வந்திருந்தார், அதான் உனக்குத் தெரியல" என்றார். ஊகத்தை ஏற்கும் முன் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் முறை. ஒரு மாலைக்கு முப்பது படத்துக்கு மேல் வைக்காதீர்கள், அவர்களும் சோர்ந்துபோவார்கள்.

ஆறாம் படி: பக்கங்களாக அமைத்தல்

எல்லாப் படங்களையும் பக்கத்தில் போட முடியாது. ஆயிரம் படத்திலிருந்து அறுபது எழுபதைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆல்பம். டிஜிகேமில் அவற்றுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து வடிகட்டித் தனிக் கோப்புறைக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

பக்க அமைப்புக்கு, லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலகத் தொகுப்பில் ஸ்லைடு தயாரிக்கும் இம்ப்ரெஸ் போதுமானது. முதலில் ஸ்லைடின் அளவை ஏ4 கிடைமட்டமாக மாற்றிக்கொண்டு, இன்செர்ட் பட்டியலில் மீடியா என்பதன் கீழ் உள்ள ஃபோட்டோ ஆல்பம் என்ற கருவியைத் திறந்து, படங்களைத் தேர்ந்து, பக்கத்துக்கு ஒன்றா இரண்டா நான்கா என்று சொன்னால் ஒரே நொடியில் பக்கங்கள் தயாராகிவிடும். பவர்பாயிண்ட்டிலும் இதே பெயரில் ஒரு கருவி இருக்கிறது. வாசகத்துக்கு விண்டோஸில் உள்ள நிர்மலா எழுத்துருவோ, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்றவையோ நன்றாக இருக்கும். முடித்ததும் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்துவிடுவதால் எந்தக் கணினியிலும் தமிழ் சிதறாது. அழகான வார்ப்புருக்கள் வேண்டுமென்றால் கேன்வா என்ற இணையத் தளம் இருக்கிறது. உங்கள் வடிவமைப்பு அவர்களுடைய சர்வரில் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, முடித்தவுடன் பிடிஎஃப் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் 1.6 வரிசைப் பதிப்பையே எடுக்க வேண்டும், பழைய 1.4 வரிசையில் தமிழ் உடைந்தே வரும்.

அச்சிடும் எண்ணம் இருந்தால் பிக்சல் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 300 டிபிஐ தரத்தில் முழு ஏ4 பக்கத்துக்கு 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். நீளவாட்டில் 1600 பிக்சலே உள்ள வாட்ஸ்அப் படம் ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் தாங்காது. அதைப் பக்கம் முழுவதும் இழுத்தால் முகம் கலங்கி மங்கலாக இருக்கும். ஸ்டுடியோவில் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அளவில் ஆல்பம் போடக் கொடுப்பவர்கள், பெயர்களைத் தாங்களே யூனிகோடில் தட்டெழுதிக் கொடுத்து, அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்ப்பது அவசியம். எங்கள் வீட்டு அறுபதாம் கல்யாண ஆல்பத்தில் மணமகனின் பெயரே தவறாக அச்சாகி வந்தது. பக்கங்களைக் கைபேசியில் அனுப்பியபோது பெரிதாக்கிப் பார்க்காதது எங்கள் குற்றம்.

ஏழாம் படி: பகிர்வும் நகல்களும்

உறவினர்களுக்கு அந்தப் பிடிஎஃப் ஒன்றே பெரும்பாலும் போதும். மொத்தத் தொகுப்பையும் காட்ட விரும்பினால், விளக்கம் எழுதி முடித்த படங்களைக் கூகுள் ஃபோட்டோஸில் பகிர்வு ஆல்பமாக ஏற்றலாம். எழுதியது மூலக் கோப்பில் இருப்பதால் அங்கே என்ன நடந்தாலும் கவலையில்லை. இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பை அணைத்துவிட்டு, ஆட்களை நேரடியாகச் சேர்ப்பது நல்லது. இணையமே வேண்டாம் என்பவர்களுக்கு டிஜிகேமில் ஹெச்டிஎம்எல் கேலரி என்ற கருவி இருக்கிறது. அது உருவாக்கும் கோப்புறையைப் பென்டிரைவில் போட்டுக்கொடுத்தால் எந்த பிரவுசரிலும் திறக்கும்.

நகல்களுக்கு உலகெங்கும் சொல்லப்படும் 3-2-1 கணக்கே போதும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு வீட்டில். மூவாயிரம் ஸ்கேன் படங்கள் தலா 3 எம்பி என்றால் 9 ஜிபிதான். பத்துப் பென்டிரைவ் வாங்கிப் பத்து வீட்டுக்குக் கொடுத்தாலும் பெரிய செலவில்லை. ஆனால் பல ஆண்டுகள் செருகப்படாமல் கிடக்கும் பென்டிரைவ் பதிவை இழக்கக்கூடும் என்பதால் அதையே ஒரே பிரதியாக நம்பக் கூடாது. ஆயுத பூஜைக்குக் கணினியைத் துடைத்துப் பொட்டு வைக்கும் நாளில் ஹார்ட் டிஸ்க்கையும் செருகிப் பார்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

பெரியவர்களின் கணக்கில் படங்கள் இருந்தால் இன்னொன்றையும் செய்ய வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. கணக்கு அமைப்புகளில் உள்ள இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் என்ற பகுதியில், மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரையிலான ஒரு காலத்தைத் தேர்ந்து, கணக்கு அசைவற்றுக் கிடந்தால் விவரங்கள் யார் யாருக்குப் போக வேண்டும் என்று பத்துப் பேர் வரை குறிக்கலாம். ஆப்பிள் கணக்குகளில் லெகசி காண்டாக்ட் என்ற பெயரில் இதைப் போன்ற வசதி 2021 டிசம்பர் முதல் இருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு இரண்டாம் படியின் முதுகுச் சோதனையை மொத்தத் தொகுப்புக்கும் ஒருமுறை செய்துவிடுங்கள். பென்டிரைவை வேறொருவரின் விண்டோஸ் கணினியில் செருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் மீதும் வலது சொடுக்கி, ப்ராபர்ட்டீஸ் என்பதில் டீடெயில்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். விளக்கமும் தேதியும் தமிழ் கலையாமல் அங்கே தெரிய வேண்டும். ஏதாவது ஒன்றில் வெறுமையாக இருந்தால், டிஜிகேமுக்குத் திரும்பி, அந்தக் கோப்புறையைத் தேர்ந்து, ஆல்பம் பட்டியலில் உள்ள 'ரைட் மெட்டாடேட்டா டு ஃபைல்ஸ்' என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு, அது முடியும்வரை கணினியை மூடாமல் காத்திருந்து, பிறகு பென்டிரைவில் மறுபடி நகலெடுங்கள்.